உருவமும் உரிமையும்

மாத்தளை மாவட்டத்தின் வடபாகத்தில், தம்புள்ளைக்கு வடகிழக்கே, சமவெளியின் நடுவே தனித்தெழுந்து நிற்கின்றது சிகிரியாக் குன்று. கி.பி. 477 முதல் 495 வரை ஆட்சி புரிந்த காசியப்ப மன்னன் அதன் உச்சியில் அரண்மனை அமைத்தான். தந்தை தாதுசேனனைக் கொன்று அரியணை ஏறியவன் அவன். தம்பி மொக்கல்லானனோடு நிகழ்ந்த போரிலே மாண்டான். அரண்மனையும் அழிந்தது. ஆயினும் குன்றின் மேற்குப் புறத்தில், பாறைக் குழிவொன்றினுள் தீட்டப்பெற்ற மகளிர் ஓவியங்கள் பல ஏறத்தாழப் பதினைந்து நூற்றாண்டுகளைக் கடந்தும் வண்ணம் மங்காது விளங்குகின்றன.

அவ்வோவியங்களுக்குக் கீழே, குன்றை அணைத்தவாறு செல்லும் நடைபாதையின் ஓரத்தில் ஒரு சுவர் உண்டு. சுண்ணச்சாந்து பூசி மெருகிடப்பெற்றமையால் அதற்குக் கண்ணாடிச் சுவர் என்று பெயர். அரண்மனை அழிந்த பின்னர், பெரும்பாலும் 8ஆம் நூற்றாண்டு முதல் 10ஆம் நூற்றாண்டு வரை, ஓவியங்களைக் காண வந்தோர் தம் மனத்தில் எழுந்தவற்றைக் குறுங்கவிகளாக்கி அச்சுவரில் கீறிச் சென்றனர். பேராசிரியர் செனரத் பரணவிதான அவற்றுள் 685 கவிகளைப் படித்துணர்ந்து, 1956ஆம் ஆண்டில் இரு தொகுதிகளாக வெளியிட்டார். எழுதியோருள் துறவியர் உளர்; போர்வீரர் உளர்; பெண்டிரும் உளர். ஓவியப் பெண்களின் அழகைப் புகழ்ந்தோர் பலர். தம்மோடு பேசவில்லையே என ஊடினோர் சிலர். அவ்வழகைக் கண்டு ஆடவர் மயங்குவதைப் பொறாத பெண்டிரும் தம் கருத்தை அங்கே பதித்துள்ளனர்.

இத்தனை பேர் இவ்வளவு கூறியும், அவ்வுருவங்களுக்கு உரியவர் யாரென்பது இன்றுவரை முடிவாகவில்லை. 1890களில் அங்கு அகழ்வாய்வு நடத்திய எச். சி. பி. பெல், கோயிலுக்குப் பூக்கொண்டு செல்லும் அரசகுல மகளிரென்றார். கலைப்பேரறிஞர் ஆனந்த குமாரசுவாமி தேவமகளிர் என்றார். பரணவிதானவோ முகிலும் மின்னலும் பெண்வடிவு கொண்டமையே என்றார். பார்ப்போர் எதையும் சொல்லலாம். பார்க்கப்படுவோர் மறுமொழி கூறார். வண்ணத்தால் ஆகிய பெண்ணுக்கு அதனால் துன்பம் இல்லை. உயிருள்ள ஒரு பெண்ணின் உருவத்தைச் சுவரில் நிறுத்தி, வருவோர் போவோரெல்லாம் தாம் நினைத்ததை எழுதிச் செல்ல விட்டால், அவள் நிலை என்னாகும்? கைத்தொலைபேசியும் இணையமும் பரவிய இக்காலத்தில் இது வெறுங்கற்பனை அன்று. ஒருவரை நம்பி அளித்த அந்தரங்கப் படம் ஒரு நாழிகைக்குள் ஊரறிய உலவுவதும், அதைக் காட்டி அச்சுறுத்திப் பணம் பறிப்பதும், பள்ளி மாணவரும் இளைஞரும் அதனால் நிலைகுலைவதும் பல நாடுகளிலும் நிகழ்கின்றன. இத்தீங்கு புதியதாயினும், இதன் உள்ளே கிடக்கும் வினா பழையது. ஒருவரின் உருவம் யாருக்கு உரியது என்பதே அவ்வினா.

ஓவியத்துக்கு ஓர் எல்லை இருந்தது. அதைக் காண விரும்பினோர் அவ்விடம் நாடிச் செல்லவேண்டியிருந்தது. 1889இல் மரே என்னும் அதிகாரி உயிரைப் பணயம் வைத்து அக்குழிவை அடைந்தே சிகிரியா ஓவியங்களைப் படியெடுத்தார். பின்னர் பெல்லின் துணைவரான டி. ஏ. எல். பெரேரா அரும்பாடுபட்டு அவற்றை வண்ணப்படிகளாகத் தீட்டினார். நிழற்படக் கருவி வந்தபோது இவ்வெல்லை தகர்ந்தது. ஒரே உருவத்தை ஆயிரம் படிகளாக்கி ஆயிரம் ஊர்களுக்கு அனுப்பலாமென்ற நிலை தோன்றிற்று.

அம்மாற்றத்தின் சுமையை இலங்கையில் முதலில் தாங்கியோருள் மலையகத் தமிழ்ப் பெண்களும் அடங்குவர். 19ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நடந்து, தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை அடைந்தனர். நோயாலும் பசியாலும் அவ்வழியில் மாண்டோர் மிகப் பலர். எஞ்சியோரே கோப்பித் தோட்டங்களையும் பின்னர் தேயிலைத் தோட்டங்களையும் வளர்த்தனர். அக்காலத்தே ஸ்கீன், ஸ்கோவென், பிளாத்தே முதலிய நிழற்பட நிலையங்கள் இலங்கையில் இயங்கின. தோட்டங்களிற் கொழுந்து பறிக்கும் பெண்களின் படங்களும், அணிகலன் பூண்ட தமிழ் மகளிரின் படங்களும் அஞ்சலட்டைகளாகிக் கடல் கடந்து விற்பனையாயின. படத்தின் அடியில் ‘தமிழ்ப் பெண்’ என்றோ ‘கொழுந்து பறிப்பவள்’ என்றோ பொறித்தனரேயன்றி, அவள் பெயரைப் பொறிக்கும் வழக்கம் இருக்கவில்லை. ஆங்கில நாட்டின் புகழ்பெற்ற நிழற்படக் கலைஞர் யூலியா மார்கரெட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே காலமானார். அவர் களுத்துறையில் எடுத்த படங்களில் தோன்றும் உள்ளூர் மாந்தருட் பெரும்பாலோர்க்கும் பெயரில்லை.

அப்படங்கள் இன்று அந்தரங்கப் படமென்று சொல்லப்படும் வகையைச் சேர்ந்தன அல்ல. அவற்றின் கலைச்சிறப்பையும் மறுத்தலாகாது. ஆயினும், துரையின் தோட்டத்தில் நாட்கூலிக்கு உழைத்த ஒருத்தி, கருவியின் முன் நிற்க மறுத்திருக்க இயலுமா? தன் உருவம் எங்கே செல்லும், யார் கையில் தங்கும் என்பதை அவளுக்கு எவரேனும் எடுத்துரைத்தனரா? உருவத்தை எடுப்பவனுக்கு வலிமையும் எடுக்கப்படுபவளுக்கு மௌனமும் என்னும் பிரிவினை அன்றே தொடங்கிவிட்டது.

1888இல் அமெரிக்காவில் ‘கொடக்’ என்னும் எளிய கருவி விற்பனைக்கு வந்தது. அதுவரை நிழற்படக்காரரின் முன் அசையாது அமர்ந்தோரே படமாயினர். அதன்பின் தெருவிற் செல்வோரும் தாம் அறியாமலே படமாகும் காலம் பிறந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1890இல், சாமுவேல் வாரன், லூயிஸ் பிராண்டைஸ் என்னும் இரு வழக்கறிஞர் ஹார்வர்ட் சட்ட இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். நொடியிற் படம் பிடிக்கும் கருவியும் பத்திரிகைகளும் இல்வாழ்வின் அந்தரங்கத்துள் நுழைந்துவிட்டன என்றும், மனிதனுக்கு உடலும் உடைமையும் உரியனவாதல் போலவே தனிமையும் உரிமையாதல் வேண்டும் என்றும் அவர்கள் வாதிட்டனர். அந்தரங்க உரிமை பற்றிய இக்காலச் சிந்தனைக்கு அக்கட்டுரையே தோற்றுவாய் எனலாம்.

அறிஞர் எழுதினர், நீதிமன்றம் உடனே ஏற்கவில்லை. நியூயோர்க் மாநிலத்தின் ரொச்செஸ்டர் நகரில் அபிகேல் ரொபர்சன் என்னும் இளம்பெண் வாழ்ந்தாள். அவளுடைய படத்தை ஒரு மாவு நிறுவனம் அவள் இசைவின்றியே விளம்பரத்திற் பொறித்தது. ஏறத்தாழ 25,000 படிகள் கடைகளிலும் பொதுவிடங்களிலும் தொங்கின. அறிந்தோர் எள்ளி நகையாடினர் என்றும், அவமானத்தால் நோயுற்றுப் படுக்கையில் வீழ்ந்ததாகவும் அவள் முறையிட்டாள். 1902இல் அம்மாநிலத்தின் உயர்நிலை நீதிமன்றம் அம்முறையீட்டைத் தள்ளிற்று. நால்வர் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாக நீதிபதிகள் பிரிந்தனர். வேறொருத்தியாயின் இதனைத் தன் அழகுக்குக் கிடைத்த பாராட்டாகவே கொண்டிருப்பாள் என்னும் கருத்துப்படவும் தீர்ப்பிற் கூறப்பட்டது. மக்கள் சினந்தனர். அடுத்த ஆண்டே, 1903இல், ஒருவரின் பெயரையோ உருவத்தையோ அவரது எழுத்துமூல இசைவின்றி வாணிகத்துக்குப் பயன்படுத்தலாகாது எனச் சட்டமன்றம் விதித்தது. இசைவு என்னும் சொல் சட்டத்தின் ஏட்டில் இவ்வாறே இடம்பெற்றது.

இலங்கையின் சட்டம் வேறொரு வழியிற் சென்றது. 1927ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க ஆபாச வெளியீடுகள் கட்டளைச்சட்டம் நெடுங்காலம் நடைமுறையில் இருந்து வந்தது. படம் ஆபாசமானதா என்பதே அதன் கேள்வி. படத்திலுள்ளவர் அதன் வெளியீட்டுக்கு இசைந்தாரா என்பது அதன் கேள்வி அன்று. இவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம், விளைவு பெரிது. குற்றம் படத்திலே உள்ளது என்று கொண்டால், படத்தில் இருப்பவளும் குற்றத்திற் பங்காளி ஆகிவிடுகின்றாள். குற்றம் இசைவை மீறியதில் உள்ளது என்று கொண்டாலோ, பரப்பியவன் ஒருவனே கூண்டில் நிற்கின்றான்.

சிறுவரைப் பொறுத்தவரையில் 1995ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம் ஒரு படி முன்னே சென்றது. சிறுவரை ஆபாசமாகப் படம் பிடித்தலும், அத்தகைய படத்தைப் பரப்பலும் வைத்திருத்தலும் குற்றமென அது விதித்தது. படச்சுருளைக் கழுவிக் கொடுக்கும் கடைக்காரர் அதில் அத்தகைய படத்தைக் காண்பாராயின், உடனே பொலிஸ் நிலையத்துக்கு அறிவித்தல் வேண்டும் என்றும் விதித்தது. 2006ஆம் ஆண்டின் திருத்தமோ கணினி வழியாகச் சேவை வழங்குவோர்மீதும், அச்சேவை சிறுவரைத் துன்புறுத்தப் பயன்படாவாறு தடுக்கும் கடமையைச் சுமத்திற்று. படம் எடுத்தவன் மட்டுமன்றி, அது கடந்து செல்லும் ஒவ்வொரு கையும் பொறுப்புடையது என்னும் உண்மை இவ்விதிகளில் உறைந்து கிடக்கின்றது.

இந்தியாவில் இவ்வுண்மையை உணர்த்திய நிகழ்ச்சி 2004இல் நேர்ந்தது. தில்லியில் பள்ளி மாணவர் இருவரின் அந்தரங்கக் காட்சி கைத்தொலைபேசியிற் பதிவாகி, கைமாறிக் கைமாறிச் சென்று, இறுதியில் இணையச் சந்தையொன்றில் விலைப்பொருளாகவே வைக்கப்பட்டது. நாடே அதிர்ந்தது. 2008இல் இயற்றப்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத் திருத்தம், ஒருவரின் உடலந்தரங்கத்தை அவர் இசைவின்றிப் படமெடுத்தலையும் பரப்பலையும் தண்டனைக்குரியனவாக்கிற்று. 2013ஆம் ஆண்டின் குற்றவியற் சட்டத் திருத்தம் இன்னும் நுண்ணிய விளக்கம் ஒன்றைத் தந்தது. படம் எடுப்பதற்கு ஒரு பெண் இசைந்திருக்கலாம். அதைப் பிறர்க்குப் பரப்புவதற்கு இசையவில்லையாயின், பரப்புதல் குற்றமேயாகும். எடுப்பதற்குத் தந்த இசைவு வேறு, கொடுப்பதற்குத் தந்த இசைவு வேறு. ‘அவளே தானே அனுப்பினாள்’ என்று ஊரார் கூறும் சமாதானத்துக்கு இதைவிடத் தெளிவான விடை இல்லை.

தமிழகத்தின் பொள்ளாச்சியில் 2019இல் வெளிப்பட்ட கொடுமை இக்கதையின் இருண்ட பகுதி. நட்புப் பாராட்டிப் பெண்களை வரவழைத்துத் துன்புறுத்தி, அதனைக் காணொளியாகப் பதிந்து, அக்காணொளியையே மிரட்டுங்கருவியாக்கிய கூட்டத்தின் செயல் அது. பாதிக்கப்பட்டோர் நெடுநாள் வாய்திறவாமைக்குக் காரணம், படம் வெளிவந்தால் மானம் போகும் என்னும் அச்சமே. கல்லூரி மாணவி ஒருவர் துணிந்து முறையிட்டார். அதன்பின் நிகழ்ந்ததும் கருதத்தக்கது. அம்மாணவியின் பெயர் அரசாணை ஒன்றிலேயே வெளியாயிற்று. காக்கவேண்டிய கையே மறைவைக் கலைத்தமை கண்ட சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அவருக்கு 25 இலட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்குமாறு அதே ஆண்டில் உத்தரவிட்டது. 2025 மே 13ஆம் நாள் கோயம்புத்தூர் மகளிர் நீதிமன்றம் ஒன்பதின்மரையும் குற்றவாளிகளெனக் கண்டு, சாகும்வரை சிறையென விதித்தது. பாதிக்கப்பட்ட எண்மருக்கு மொத்தம் 85 இலட்சம் ரூபாய் இழப்பீடும் பணித்தது. மிரட்டுவதற்கெனக் குற்றவாளிகள் பதிந்து வைத்த காட்சிகளே அவர்களுக்கு எதிரான சான்றாயின. மானம் யார் பக்கத்தில் இழக்கப்பட்டது என்பதை அத்தீர்ப்பு உலகுக்கு உரைத்தது.

இலங்கையில், 2024 பெப்ரவரி 1ஆம் நாள் முதல், 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பிறரைத் துன்புறுத்தும் நோக்கோடு அவரது தனிப்பட்ட தகவலை இணையத்தில் வெளியிடுதல் அச்சட்டத்தின்படி குற்றமாகும். அச்சட்டத்தின் வேறு பல பிரிவுகள் பேச்சுரிமையை நெருக்குவன என்று உரிமை அமைப்புகளும் பத்திரிகையாளரும் வன்மையாகக் கண்டித்தனர், அக்கண்டனம் புறக்கணிக்கத்தக்கதன்று. இளையோரைக் காப்பதற்கென ஆக்கும் சட்டம் ஏனையோரின் வாயை அடைப்பதற்குப் பயன்படலாகாது. நல்ல சட்டம் இசைவை மீறியவனைத் தேடிப் பிடிக்கும். பேசுபவன் ஒவ்வொருவனையும் ஐயுறாது.

காவலும் கருணையும் ஒருங்கே வேண்டும் என்பதற்குச் சிகிரியாவின் அண்மைக்கால வரலாறே எடுத்துக்காட்டாகும். 1967 ஒக்டோபர் 14ஆம் நாள் தீயோர் சிலர் அவ்வோவியங்கள்மீது பச்சை வண்ணத்தைப் பூசிச் சிதைத்தனர். இத்தாலிய வல்லுநர் லூசியானோ மரன்சி வரவழைக்கப்பெற்று, பொறுமையோடு அவற்றை மீட்டார். அதன்பின் காவல் வலுப்பெற்றது. இன்று அவ்வோவியங்களைப் படம் பிடிப்பதும் தடை. கண்ணாடிச் சுவரில் எழுதுவதும் தடை. 2015இல் சுற்றுலா வந்த இளம்பெண் ஒருவர் அறியாமையால் அச்சுவரிற் பெயரைக் கீறிவிட்டார். தம்புள்ளை நீதவான் நீதிமன்றம் அவருக்கு இரண்டு ஆண்டுச் சிறை விதித்தது. இளமையின் பிழைக்கு இத்துணைக் கடுமையா என்று நாடெங்கும் குரல் எழுந்தது. அதே ஆண்டில் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன அவருக்கு மன்னிப்பளித்து விடுவித்தார். சுவர் காக்கப்படவும் வேண்டும், இளையவரின் வாழ்வு ஒரு பிழையால் அழியாதிருக்கவும் வேண்டும் என்பதை நாடு அன்று ஏற்றது. பாறையில் உறையும் ஓவிய மகளிர்க்கு இத்துணைக் காவல் செய்யும் சமுதாயம், அப்பாறையின் அடிவாரத்துப் பள்ளிகளிற் பயிலும் உயிருள்ள பெண்பிள்ளைகளுக்கு அதனிற் குறைந்த காவலைச் செய்தல் முறையாகாது.

அக்காவல் வீட்டிலே தொடங்குகின்றது. அந்தரங்கப் படத்தை எவருக்கும் அனுப்பாதிருத்தலே முதற்காப்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும் அனுப்பிவிட்ட பிள்ளை தாய் தந்தையிடம் வரும்போது, ‘ஏன் அனுப்பினாய்?’ என்பது முதல் வினாவாயின், இரண்டாம் வினாவுக்கு இடமிராது. பிள்ளை வாய் மூடும். மிரட்டுபவன் விரும்புவதும் அதனையே. அவனுடைய கைப்பொருள் படம் அன்று, பிள்ளையின் அச்சமே. வீட்டார் துணை நிற்கின்றனர் என்று அவன் அறிந்த அளவிலே அவன் வலிமையிற் பாதி கழிந்துவிடும்.

அத்தகைய இடரில் செய்யத்தக்கனவும் தகாதனவும் தெளிவானவை. மிரட்டுபவனுக்குப் பணம் கொடுத்தலாகாது. ஒரு முறை கொடுத்தவரிடம் மறுமுறையும் கேட்பதே அவன் வழக்கம். மேலும் ஒரு படத்தை அனுப்புதலும் ஆகாது. அவன் விடுத்த செய்திகளை அழித்துவிடாமல், நாளும் நேரமும் தெரியத் திரையிலிருந்து பதிந்துவைத்தல் வேண்டும். பின்னர் அவன் தொடர்பைத் துண்டித்து, முறைப்பாடு செய்தல் வேண்டும். பாதிக்கப்பட்டவர் சிறுவராயின், சான்றுக்கென்றுகூட அப்படத்தைப் பிறர்க்கு அனுப்பாமல், கருவியையே அதிகாரிகளிடம் காட்டுதல் நன்று. 1998ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பெற்ற தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை 1929 என்னும் இலக்கத்திலும், பொலிஸ் சிறுவர் மகளிர் பணியகம் 109 என்னும் இலக்கத்திலும் முறைப்பாடுகளை ஏற்கின்றன. இணையவழித் தொல்லைக்கு உள்ளாகும் பெண்களுக்கு உதவும் ‘ஹிதவதி’ என்னும் சேவையும் உண்டு.

பரவும் படத்தைத் தடுக்கவும் இன்று ஒரு வழி பிறந்துள்ளது. வயது வந்தோர்க்கென 2021இல் தொடங்கிய ‘ஸ்டொப் என்சிஐஐ’ என்னும் சேவையும், பதினெட்டு வயதிற்குட்பட்ட காலத்தில் எடுக்கப்பெற்ற படங்களுக்கென 2023இல் தொடங்கிய ‘டேக் இட் டவுன்’ என்னும் சேவையும் கட்டணமின்றி இயங்குகின்றன. விரல்ரேகை ஒருவருக்கே உரியதாதல் போல, ஒவ்வொரு படத்துக்கும் தனித்த எண்குறி ஒன்றை உரியவரின் கருவியிலேயே இவை கணித்துவிடும். படம் அக்கருவியை விட்டு வெளியேறாது. எண்குறி மட்டுமே இணைய நிறுவனங்களுக்குச் செல்லும். இத்திட்டத்திற் சேர்ந்துள்ள தளங்களில் எவரேனும் அதே படத்தை ஏற்ற முற்பட்டால், எண்குறி ஒத்தமை கண்டு அதனைத் தடுக்கலாம். இவ்வேற்பாட்டிற் சேராத தளங்களிலும், தனிப்பட்ட செய்திகளிலும் இது பயன் தருதல் அரிது. செயற்கை நுண்ணறிவின் துணையால், எடுக்கப்படாத படத்தையே எடுத்ததுபோல் ஆக்கும் வஞ்சகமும் இப்போது வளர்ந்துள்ளது. ஆதலின் கருவியின் காவல் ஒன்றே போதாது.

முடிவில் எஞ்சுவது பார்ப்போரின் நெஞ்சக் காவலே. படத்தைக் களவாக முதலிற் பரப்பியவன் ஒருவன். அதனை ஊரெங்கும் கொண்டு செல்வோர் பலர். அப்பலருட் பெரும்பாலோர் தம்மைக் குற்றவாளியென்று எண்ணுவதில்லை, வேடிக்கையென்றே எண்ணுவர். சிகிரியாவின் சுவரில் எழுதியோர்க்கு முன்னே நின்றது ஓவியம். ஆகவே அவர்கள் கூற்றைக் கவியென்று காலம் ஏற்றுக்கொண்டது. இன்று கைத்தொலைபேசியின் திரையில் தோன்றுவது ஒருவரின் மகள், ஒருவரின் தம்பி. அவர்கள் உருவம் அவர்களுக்கே உரியது என்னும் நினைவோடு, வந்த படத்தை எவர்க்கும் அனுப்பாமல் தன்னோடு நிறுத்திவிடும் இளைஞன் எந்தச் சட்டமும் செய்யமாட்டாத காவலைச் செய்தவனாவான்.